மலையில் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால்: நீலகிரிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

நெஞ்சுவலி, பக்கவாதம், மூச்சுத்திணறல், பாம்புக்கடி என்று எது வந்தாலும் நீலகிரிக்குப் புதிதாக வந்தவர்கள் செய்கிற முதல் காரியம், ஆளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு நேராகக் கோயம்புத்தூருக்குக் கிளம்புவது. கோவையில்தான் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள், அங்கேயே போய்விடலாம் என்கிற நினைப்பு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஊட்டியிலிருந்து கோவைக்குக் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், ஒன்றும் தடங்கல் இல்லையென்றாலே மூன்று மணி நேரம். மலை இறங்கி மேட்டுப்பாளையம் சேரும்வரை கொண்டைஊசி வளைவுகள், சிக்னல் இல்லாத இடங்கள், முன்னால் ஊர்ந்து போகிற லாரி. உங்கள் காரில் ஆக்சிஜன் இல்லை, ஊசி போட ஆள் இல்லை, வழியில் பர்லியாறு பக்கம் இதயம் நின்றுவிட்டால் வண்டியை ஓரங்கட்டி அழுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றைத்தான். முதலில் பக்கத்தில் இருக்கிற, டாக்டரும் ஆக்சிஜனும் ஈசிஜியும் உள்ள இடத்துக்குப் போங்கள். அங்கே ஆளை ஒரு நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, தேவைப்பட்டால், ஆம்புலன்ஸில் கீழே இறக்குங்கள். மற்றதெல்லாம் இதற்கான விவரங்கள்தான்.

நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டியது

வீட்டுக்குப் பால் பாக்கெட் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிற அதே வாரத்தில் ஆஸ்பத்திரியையும் விசாரித்துவிடுங்கள். உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எது, ராத்திரியில் யார் இருப்பார்கள், ஈசிஜி எடுப்பார்களா, சி.டி. ஸ்கேன் வேண்டுமென்றால் எங்கே போக வேண்டும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 700 படுக்கைகளோடு அதன் புதிய மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. குன்னூரில் லாலி அரசு மருத்துவமனை, கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசு மருத்துவமனைகள். கோத்தகிரியில் மெடிக்கல் ஃபெலோஷிப் மருத்துவமனையும், கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்துகிற ஆதிவாசி மருத்துவமனையும் பல வருடங்களாக இயங்குகின்றன. எஸ்டேட்டில் வேலைக்கு வந்திருந்தால் எஸ்டேட் டிஸ்பென்சரியில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து வையுங்கள், சிலவற்றில் நல்ல வசதி உண்டு, சிலவற்றில் காய்ச்சல் மாத்திரையோடு சரி.

கூடலூர், பந்தலூர் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் ஊட்டிக்கு வர வேண்டுமென்றால் 50 கிலோமீட்டர் மலையேற வேண்டும், அதனால் பலர் சுல்தான் பத்தேரி, பெரிந்தல்மண்ணா, கோழிக்கோடு என்று கேரளப் பக்கமே இறங்கிவிடுவார்கள். அது தவறில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை அங்கே எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அட்மிஷன் கவுண்டரில் நின்றுகொண்டு கேட்க வேண்டாம். மைசூருக்குப் போகிற பந்திப்பூர் காட்டுப் பாதை ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், ஆம்புலன்ஸை விடுவார்கள்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாள். வீட்டில் ஒவ்வொருவரும் தினமும் என்ன மாத்திரை எத்தனை மில்லிகிராம் சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, சர்க்கரை, பிரஷர், ஏற்கெனவே நடந்த ஆபரேஷன் எல்லாவற்றையும் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள், அவசரப் பிரிவில் அந்த ஒரு தகவல் சிகிச்சையையே மாற்றும். அரிவாளணு ரத்தசோகை இருக்கிற குடும்பமென்றால், அதாவது சிக்கிள் செல், அதுவும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். கூடலூர் பகுதி ஆதிவாசி மக்களிடம் அது அதிகம், வலி தாங்காமல் துடிக்கிறவரை சும்மா நடிக்கிறார் என்று நினைத்துவிடாமல் இருக்க இது உதவும்.

108-ஐ அழைக்கும்போது

கட்டணம் இல்லை, 2008-லிருந்து ஓடுகிற சேவை, இங்கேயும் வரும். சிக்கல் என்னவென்றால் மலையில் கதவு எண்ணுக்கு மதிப்பே இல்லை. "இன்ன ஹட்டி, டீ ஃபேக்டரி தாண்டி, தண்ணீர்த் தொட்டி பக்கம் இடதுபுறம் இறங்குகிற ரோடு" என்று (ஹட்டி என்றால் படுகர் கிராமம்) சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் உங்கள் வீட்டுக்கு வழி சொல்வதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பேசி முடித்ததும் ஒருவரை டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கு அனுப்புங்கள். ராத்திரியென்றால் இரண்டு பேராக, பேச்சுக் கொடுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள், காட்டெருமை தேயிலைக்குள்ளிருந்து சத்தமில்லாமல் எதிரே வந்து நிற்கும்.

இங்கே பாதி வீடுகளுக்கு வண்டி வாசல் வரை வராது. படி ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும். நெஞ்சுவலிக்காரரையும் மூச்சுத்திணறுகிறவரையும் ஒரு படிகூட நடக்க வைக்காதீர்கள். "மெதுவா புடிச்சுக்கிட்டு வந்துடுறேன்" என்பார்கள், கேட்காதீர்கள். கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு துண்டால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, நான்கு பேராகத் தூக்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களோடு பழகி வைப்பதன் பலன் அன்றைக்குத்தான் தெரியும்.

ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும், ஆரம்ப சுகாதார நிலையமோ பத்து நிமிடத்தில் இருக்கிறது என்றால்? அவர்களிடமே கேளுங்கள். சில நேரம் வழியில் சந்தித்துக்கொள்ளலாம் என்பார்கள். ஜீப்பில் கிளம்பினாலும் போனைத் துண்டிக்காமல், எந்த வழியாக வருகிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

எந்த நோய்க்கு எவ்வளவு அவசரம்

நெஞ்சுவலி. நடு நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, வியர்த்துக் கொட்டுவது. ஊட்டி குளிரில் ஒருவருக்கு வியர்த்து சட்டை நனைகிறது என்றால் அதைவிட வேறு அறிகுறி வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பு, மூச்சு முட்டல், வாயுத்தொல்லை மாதிரி வரும். சோடா வாங்கிக் கொடுத்து உட்காரவைக்காதீர்கள், ஈசிஜி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகளை உடனே கொடுத்துவிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். பக்கத்து சின்ன ஆஸ்பத்திரிக்கு முதலில் போங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம். அடைப்பை ஆஞ்சியோ செய்து திறப்பது நல்லதுதான், ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த மேசைக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால், இங்கேயே ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டுவிட்டு அப்புறம் கீழே அனுப்புவதுதான் முறை. டாக்டர் அதைச் சொல்லும்போது, "இல்லை, நாங்கள் கோவைக்கே போய்விடுகிறோம்" என்று வாதாடி அரை மணி நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

பக்கவாதம். முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது. இதற்குக் கட்டி கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கும் முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்து மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். அதனால் இது ஒன்றுக்கு மட்டும் ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரியைத் தேடியே போக வேண்டும், 108-இல் பேசும்போதே "பக்கவாதம்" என்று சொல்லிவிடுங்கள். நோயாளி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைக் கடிகாரம் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் எழும்போதே இப்படி இருந்தார் என்றால், முந்தின இரவு படுக்கப் போன நேரம்தான் கணக்கு. வாயில் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வேண்டாம், புரையேறும். நெஞ்சுவலிக்குச் சொன்ன ஆஸ்பிரினை இங்கே கொடுக்கக் கூடாது.

மூச்சுத்திணறல் வந்தால் எல்லோரும் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிவிடுகிறார்கள், நல்லது. ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். நல்ல உடம்புக்காரருக்கே 93, 94 காட்டலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதே சமயம் குளிரில் விறைத்த விரலில் மீட்டர் பொய் சொல்லும், கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மறுபடி பாருங்கள். நன்றாக இருக்கும் நாளில் உங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு காட்டுகிறது என்று அந்த பிரிட்ஜ் தாளிலேயே எழுதி வைத்தால் ஒப்பிடலாம். 90-க்குக் கீழே போனாலோ, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் திணறினாலோ எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

இந்த மீட்டர் ஏமாற்றுகிற இன்னொரு இடம் கரி அடுப்பு. குளிருக்கு அடக்கமாக ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி மூட்டித் தூங்கி, காலையில் எழாமல் போனவர்கள் இந்த மலையிலும் கொடைக்கானலிலும் இருக்கிறார்கள். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு வாயு ரத்தத்தில் ஏறினால் சாதாரண ஆக்சிமீட்டர் 98 என்று அழகாகக் காட்டும். தலைவலி, வாந்தி, மயக்கம், அதுவும் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்து வந்தால், கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், ஆஸ்பத்திரியில் "அறைக்குள் கரி எரிந்தது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் உணவு விஷம் என்று நினைக்க வாய்ப்புண்டு. முகமூடி வழியாக நிறைய ஆக்சிஜன் கொடுப்பதுதான் சிகிச்சை.

காய்ச்சல் ஐந்து நாளுக்கு மேல் நிற்காமல் அடித்தால், அதுவும் குளிர்காலத்தில், புதர்க்காடு, தோட்டம் என்று நடந்தவருக்கு அடித்தால், ஸ்க்ரப் டைபஸாக இருக்குமோ என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு மடிப்பு, மார்பகத்துக்குக் கீழே என்று மறைவான இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கோடு ஒரு புண் இருக்கும், வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டிருக்கிறவரை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் போதும், விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று போய் ஐ.சி.யு.வில் முடியும்.

பாம்புக்கடிக்குக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்குத்தான் செய்யப்பட்டது. தேயிலைச் செடியில் சுருண்டிருக்கிற குழிவிரியன் வகைகளுக்கு அது வேலை செய்யாது, அதனால் "ஏன் மருந்து ஏற்றவில்லை" என்று டியூட்டி டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள், ஒரு நாள் முழுக்கவாவது கண்காணிப்பில் வைப்பார்கள். பூச்சிமருந்து குடித்தவர், தெளிக்கும்போது மயங்கியவர் என்றால் அந்த டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். குளவி கொட்டி முகம் வீங்கி மூச்சு அடைத்தால் தொடையில் அட்ரினலின் ஊசி உடனே வேண்டும், எது பக்கமோ அங்கே ஓடுங்கள்.

அவசரப் பிரிவில்

உள்ளே போனதும் வரிசையில் யார் முன்னால் வந்தார் என்று பார்க்க மாட்டார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆபத்தின் அளவைப் பார்த்துப் பிரிப்பார்கள், உங்களுக்குப் பிறகு வந்தவரை முதலில் பார்த்தால் அவர் உங்களைவிட மோசமாக இருக்கிறார் என்று அர்த்தம், சந்தோஷப்படுங்கள். கூட வந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசாமல் ஒருவர் மட்டும், அந்த வெள்ளைத் தாளோடும் மாத்திரை அட்டைகளோடும், எப்போது தொடங்கியது, முதலில் என்ன, பிறகு என்ன என்று வரிசையாகச் சொல்லுங்கள். குடித்திருந்தால் குடித்திருக்கிறார் என்று சொல்லுங்கள். அங்கே யாரும் உங்கள் மானத்தைக் கணக்கெடுக்க உட்காரவில்லை. விபத்து, யானை அல்லது காட்டெருமை தாக்கியது, விஷம் என்றால் போலீஸுக்குத் தகவல் போகும், அது நடைமுறை, ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டு நகலின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் இழப்பீட்டுக்கு அலையும்போது தேவைப்படும்.

வார்டில் உடனிருப்பவரின் வேலை

நோயாளியைவிட உடனிருப்பவருக்குத்தான் முதல் ராத்திரி கஷ்டம். வெந்நீர் பிளாஸ்க், கம்பளி, குல்லாய், காலுறை, போன் சார்ஜர் கொண்டுபோங்கள். ஆனால் மயக்கத்தில் இருப்பவர், காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளி ஆகியோரின் காலடியில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், சூடு தெரியாமல் வெந்து புண்ணாகிவிடும்.

சொட்டு மருந்தின் வேகத்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சாப்பிடக் கொடுப்பதற்காக ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றி வைக்காதீர்கள், சாப்பிடும் நேரத்துக்கு மூக்கில் செருகும் குழாய் கேளுங்கள். வீட்டு மாத்திரைகளைத் தொடரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். எவ்வளவு சிறுநீர் போனார் என்று சிஸ்டர் கேட்பார், அதை அளந்து எழுதி வைப்பது மிகப் பெரிய உதவி. காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் எங்கேயும் டீ குடிக்கப் போகாதீர்கள், பெரிய டாக்டர் ஒரு நிமிடம்தான் நிற்பார். என்ன நோய் என்று நினைக்கிறீர்கள், இன்றைக்கு என்ன டெஸ்ட், எது நடந்தால் கீழே அனுப்புவீர்கள், இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, மலையில் அதுதான் முக்கியமான கேள்வி.

ராத்திரியில் சிஸ்டரை எழுப்பத் தயங்காதீர்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் உளற ஆரம்பித்தால், மூச்சு நிமிடத்துக்கு 25-க்கு மேல் போனால், ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டால், புதிதாகக் குளிர்ந்து வியர்த்தால் உடனே கூப்பிடுங்கள். "தூங்கட்டும், காலையில் பார்த்துக்கலாம்" என்பது வேண்டாம்.

கீழே அனுப்புகிறோம் என்றால்

ரெஃபரல் என்றதும் கைவிட்டுவிட்டார்கள் என்று அழ வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். அந்த நேரத்தில் கேட்க வேண்டியவை: கீழே எந்த ஆஸ்பத்திரி, அங்கே பேசிவிட்டார்களா, படுக்கை உண்டா, யார் கூட வருவார்கள், வண்டியில் இருக்கிற ஆக்சிஜன் நான்கு மணி நேரத்துக்குக் காணுமா. ரெஃபரல் கடிதத்தில் என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்பது இருக்க வேண்டும், குறிப்பாகக் கட்டி கரைக்கும் ஊசி போட்ட நேரம். ஈசிஜி தாளையும் கடிதத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த ரோடு திறந்திருக்கிறது என்று டிரைவருக்குத்தான் தெரியும். மழைக்காலத்தில் குன்னூர் ரோட்டில் மண் சரிந்தால் கோத்தகிரி வழி, இரண்டும் சந்தேகமென்றால் டாக்டரிடம் இங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று பேசிப் பாருங்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்த மாதிரி ஒரு மழை வந்தால் யாரும் எங்கேயும் போக முடியாது. மே மாத சீசனில் வண்டிகள் நிற்கிற நிலைமையையும் சேர்த்து நேரத்தைக் கணக்கிடுங்கள்.

கூடப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. வளைவில் உங்களுக்கே வாந்தி வரும், நான்கு பிளாஸ்டிக் கவர் பையில் இருக்கட்டும். ஸ்வெட்டருக்கு உள்ளே மெல்லிய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், மேட்டுப்பாளையத்தில் வெயில் காத்திருக்கும்.

பணமும் கையெழுத்தும்

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் வைத்து இப்போதே பதிந்துகொள்ளுங்கள். சாலை விபத்தென்றால் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது, வெளிமாநிலத்துக்காரருக்கும் இது பொருந்தும். சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவது மட்டும் வேண்டாம், ஆம்புலன்ஸும் கடிதமும் இல்லாமல் நடுவழியில் நிற்பீர்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்காமல் வராதீர்கள். கோவையில் சிகிச்சை முடிந்தவர் என்றால், "நாங்கள் இருப்பது இத்தனை மீட்டர் உயரத்தில், எப்போது மேலே கூட்டிப் போகலாம்" என்று சொல்லிக் கேளுங்கள். அங்கே ஆக்சிமீட்டரில் 96 இருந்ததால் ஆக்சிஜன் வேண்டாம் என்று அனுப்பப்பட்டவருக்கு இங்கே வந்ததும் 88 ஆகலாம். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைக்கச் சொன்னால், கூடவே ஒரு சிலிண்டரும் வாங்கி வையுங்கள். ஜூலையில் மரம் விழுந்து கரண்ட் போனால் எங்கள் பக்கம் இரண்டு நாள்கூட வராது.